மூன்று அட்டை இருந்தும் அட்வான்ஸ் கேட்கிறார்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. சம்பளம் 14,500 ரூபாய், ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்கள். அப்பாவுக்கு 66 வயது. தறி நெய்தவர், இப்போது வேலை இல்லை. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் அம்மாவோடு தனியாக இருக்கிறார். நாலு எட்டு வேகமாக நடந்தால் நெஞ்சை அடைக்கிறது என்றார். வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கைக்காசு 18,000 கட்டி ஆஞ்சியோ பார்த்தோம். ஒரு பிளாக் இருக்கிறது, அவசரம் இல்லை, மூன்று வாரத்துக்குள் ஸ்டென்ட் வைக்க வாருங்கள் என்றார்கள். எங்களிடம் அம்மா பெயரில் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அது அங்கே செல்லாதாம். 20 மாதம் முன்பு அப்பாவையும் சேர்த்து 3 லட்சத்துக்கு ஒரு தனியார் பாலிசி எடுத்தோம். அதில் கேஷ்லெஸ் கேட்டதற்கு, பிரஷர், சுகர் பழைய நோய் என்று மறுத்துவிட்டார்கள். ஏஜென்ட் எல்லாம் கவர் ஆகும் என்றுதான் சொன்னார். மூன்று அட்டை இருந்தும் 50,000 அட்வான்ஸ் கேட்கிறார்கள். எதைப் பயன்படுத்துவது? இலவச அட்டையில் போனால் சரியாகப் பார்ப்பார்களா? இன்னொன்று: போன மழைக்காலத்தில் மகனுக்கு டெங்கு. பில் 41,000, இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 27,333. ஏன் குறைத்தார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு விஷயம். அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வலி கை தாடைப் பக்கம் இறங்கினாலோ இந்தப் பதிலையும் மூன்று அட்டைகளையும் ஓரமாக வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் டாக்டர் உங்களுக்குக் கொடுத்த மூன்று வாரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்கு.

வேலூரில் ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுன்டரின் உள்பக்கம் 22 வருடம் உட்கார்ந்தவன் நான். உங்களைப் போல வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததில்லை. மஞ்சப்பையைத் திறந்து ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை, பாலிசிப் பேப்பர் எல்லாவற்றையும் கவுன்டரில் பரப்பி, "இதுல எது சார் செல்லும்?" என்பார்கள். அதற்குள் அட்மிஷன் போட்டு, ஊசி ஏற்றி, அட்வான்ஸ் ரசீதும் கையில் இருக்கும். ஆஸ்பத்திரியை முதலில் முடிவு செய்துவிட்டு அட்டையை அப்புறம் தேடுவதுதான் நம் பக்கத்துப் பழக்கம். அதைத் தலைகீழாக்குங்கள். எந்த அட்டை இந்த நோய்க்கு, இந்த ஆளுக்குச் செல்லும் என்று பார்த்து, அது செல்லும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது. நிறையப் பேருக்கு அது கிடைப்பதில்லை.

தனியார் பாலிசியை இந்த ஸ்டென்ட்டுக்கு மறந்துவிடுங்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்கும் அதை ஒட்டி வருவதற்கும் கம்பெனி காத்திருப்புக் காலம் வைக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து அது அதிகபட்சம் 36 மாதம். உங்களுடையது 20 மாதம்தான் ஆகிறது. அதைவிடச் சிக்கல், விண்ணப்பத்தில் பிரஷர், சுகர் இரண்டுக்கும் "இல்லை" என்று ஏஜென்ட் நிரப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். பாலிசியோடு வந்த விண்ணப்ப நகலை எடுத்துப் பாருங்கள். அப்பா, வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்குபவராக இருந்தால், அந்தச் சிகிச்சை நோட்டிலேயே எந்த வருடத்திலிருந்து என்று எழுதியிருக்கும். கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். இனி மறைத்துப் பயனில்லை. அடுத்த புதுப்பித்தலுக்கு முன்னால் கம்பெனிக்கு எழுத்தில் தெரியப்படுத்தி, என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். அப்பாவுக்குப் பிரீமியம் ஏறலாம், அவரைப் பாலிசியிலிருந்து நீக்கவும் செய்யலாம். வாய்மூடி இருந்து ஐந்து வருடத்தை ஓட்டிவிட்டால் கேள்வியே கேட்க முடியாது என்று யாராவது யோசனை சொல்வார்கள். 60 மாதத்துக்குப் பிறகு பழைய விவரத்தைக் கிளற முடியாது என்ற விதி உண்மைதான். ஆனால் அதில் மோசடிக்கு விலக்கு உண்டு. தெரிந்தே மறைத்தது எந்தப் பக்கம் விழும் என்ற பந்தயத்தில் உங்கள் மகனுடைய பாதுகாப்பையும் சேர்த்து வைக்காதீர்கள்.

ஈஎஸ்ஐயில் வருமானம் இல்லாத பெற்றோரையும் சேர்க்க வழி இருக்கிறது என்பது நம் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பலருக்குத் தெரியாது. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அது உங்கள் காசு. அப்பா, அம்மா பெயர் உங்கள் ஐபி நம்பரில், அதாவது ஈஎஸ்ஐ எண்ணில், ஏறியிருக்கிறதா என்று ஷூ கம்பெனி அலுவலகத்தில் நாளைக்கே கேளுங்கள். ஆனால் ஈஎஸ்ஐக்கு ஒரே வாசல்தான். டிஸ்பென்சரியில் காட்டி, அவர்கள் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு எழுதி, அங்கிருந்து ஒப்பந்த ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்க வேண்டும். இதய சிகிச்சை மாதிரிப் பெரிய விஷயத்துக்கு எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்ற கணக்கும் பார்ப்பார்கள். பெயரே ஏறாமல் இருந்தால் மூன்று வாரத்தில் இது முடியுமா என்பது சந்தேகம். அதனால் இதை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் இப்போதே ஏற்றிவிடுங்கள்.

மீதி இருப்பது அம்மாவின் அட்டை. உங்களிடம் இருப்பதிலேயே வலுவானது அதுதான். 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்தது. இன்று குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். இங்கே "குடும்பம்" என்பது ரேஷன் கார்டு. அப்பாவும் அம்மாவும் தனிக் கார்டில் இருந்தால் உங்கள் சம்பளமும் உங்கள் வீட்டுக்காரர் சம்பளமும் கணக்கில் வராது. ஒருவேளை வசதிக்காக அப்பா பெயரை உங்கள் கார்டிலோ தம்பி கார்டிலோ மாற்றியிருந்தால், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். அதை முதலில் பாருங்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் அட்டை ஏன் செல்லவில்லை? திட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி மொத்தமாகச் சேர்வதில்லை, துறை துறையாகச் சேர்கிறது. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. வாசலில் முதல்வர் படம் போட்ட போர்டு இருந்தால் எல்லாம் செல்லும் என்று நம்பி வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிருக்கிறது. 1800 425 3993க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லாத எண். "வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு எந்த ஆஸ்பத்திரி இருக்கிறது?" என்று இப்படியே கேளுங்கள். ஒரே மாவட்டமாக இருந்ததை 2019ல் மூன்றாகப் பிரித்தார்கள். போன் எடுப்பவர் வேலூர் பட்டியலை மட்டும் வாசித்து நிறுத்திவிடுவார். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவிலும் ஒரு ஓபி சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். அரசு ஆஸ்பத்திரியும் இதே திட்டத்தில்தான் இருக்கிறது.

அட்டை பழசாக இருந்தால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டுத் திட்ட மையம் இருக்கிறது. அம்மா, அப்பா இரண்டு பேரையும் நேரில் அழைத்துக்கொண்டு போங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்று கைக்கு வர நாள் ஆகும், அதை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

அப்புறம், புது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வாயைத் திறந்து சொல்லும் முதல் வார்த்தை "முதல்வர் காப்பீடு" என்று இருக்கட்டும். அட்மிஷன் சீட்டு அடிப்பதற்கு முன்னால். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை ராத்திரி, நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அணைக்கட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவரைக் கொண்டு வந்தார்கள். மகன் பதற்றத்தில் அட்டையைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சீட்டில் "கேஷ்" என்று முத்திரை குத்திக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை மகன் அட்டையோடு வந்து நின்றார். கேஷ் நோயாளியாகச் சேர்ந்தவரைத் திட்டத்துக்கு மாற்ற முடியாது என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அந்த முத்திரையின் ஊதா மை கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. திட்டத்தில் சிகிச்சைக்கு முன்னால் ஆஸ்பத்திரி விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். சிகிச்சை முடிந்தபிறகு வாங்கும் ஏற்பாடு இல்லை. அவசரக் கேஸுக்குச் சில தளர்வு உண்டு. உங்களுடையது திட்டமிட்ட கேஸ் என்பதால் அந்தத் தளர்வும் கிடைக்காது.

கையோடு ஆஞ்சியோ சிடியையும் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். பழைய ஆஸ்பத்திரி கொடுக்காவிட்டால் மெடிக்கல் ரெக்கார்ட் பிரிவில் எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். அது இல்லாமல் அனுமதியும் வராது, இன்னொரு ஆஞ்சியோவும் செய்வார்கள். நீங்கள் கட்டிய 18,000 திரும்ப வராது, அந்த சிடிக்குத்தான் அவ்வளவு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தரத்துக்கு வருவோம். "இலவச அட்டையில் சரியாகப் பார்ப்பார்களா" என்ற பயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை, எல்லாருக்கும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டாக்டருக்குக் காசு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்து சிகிச்சை கொஞ்சமாவது சாயும். அமெரிக்காவில் 1933ல் கார்ஃபீல்டு என்று ஒரு இளம் டாக்டர், கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் கால்வாய் வெட்டும் தொழிலாளர்களுக்காகச் சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார். வருகிறவர்களிடம் பில் போட்டுப் பிழைக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 சென்ட் முன்கூட்டியே வாங்கிக்கொள்வது என்று மாற்றினார். மாற்றியதும், தொழிலாளி காயம்பட்டு வந்தால் அவருக்கு நஷ்டம். வேலையிடத்துக்கே போய்த் துருத்திக்கொண்டிருந்த ஆணிகளை அடித்துவிடச் சொன்னார் என்று சொல்வார்கள். பின்னால் கைசர் பெர்மனன்டே என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது அதுதான். 1973ல் அந்த மாதிரி அமைப்புகளை வளர்க்க அங்கே சட்டமே போட்டார்கள். 1990களில் அதே ஏற்பாட்டின் மறுபக்கமும் தெரிந்தது. முன்பணம் வாங்கியவர்கள் சிகிச்சைக்கு அனுமதி மறுத்து மிச்சம் பிடிக்கிறார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். ஆணியை அடிக்க வைத்த கணக்குதான் அனுமதியை மறுக்கவும் வைத்தது.

நம் முதல்வர் திட்டத்தில் ஒரு சிகிச்சைக்கு ஒரு பேக்கேஜ் தொகை. அறை, டெஸ்ட், மருந்து, சாப்பாடு எல்லாம் அதற்குள். கேஷ் நோயாளிக்குத் தேவையில்லாத டெஸ்ட் எழுதும் ஆசை வரலாம் என்றால், பேக்கேஜ் நோயாளிக்கு இரண்டு விதமான ஆசை வரலாம்: சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது, "இது திட்டத்தில் வராது, வெளியே வாங்கி வாருங்கள்" என்பது. எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் அறையும் ஒன்றுதான், டாக்டரும் ஒருவர்தான், கேஷுக்கும் அட்டைக்கும் வேறு வேறு கை வைத்து யாரும் ஸ்டென்ட் வைப்பதில்லை. வித்தியாசம் அறையிலும் காத்திருப்பிலும் தெரியும், உள்ளே நடப்பதில் பெரும்பாலும் தெரியாது. வெளியே வாங்கச் சொன்னால் மட்டும், "அந்தச் சீட்டில் திட்டத்தில் வராது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே உள்ளேயிருந்து கிடைத்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் அதே 1800 எண்ணில் புகார், அதுவும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி சொல்லித் தருகிறேன். "அப்பாவுக்கு எந்த ரத்தக்குழாயில், எவ்வளவு பிளாக்? மாத்திரையில் கொஞ்ச நாள் பார்க்க முடியாதா?" என்று கேளுங்கள். உழைக்கும்போது மட்டும் வலி வரும், நிலையாக இருக்கும் நோயாளிகளுக்கு, முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று போவதால் மாரடைப்போ மரணமோ குறைந்துவிடவில்லை என்று 5,179 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020ல் வெளியானது. மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல் கவனித்தார்கள். வலி உள்ளவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது, அதுவும் உண்மை. இடது பிரதான ரத்தக்குழாயில் பெரிய பிளாக் இருப்பவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அதனால் அப்பா எந்த வகை என்று சொல்ல வேண்டியவர் இதய டாக்டர்தான். இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் படம் வரைந்து காட்டிப் பதில் சொல்கிற டாக்டரிடம் தைரியமாகப் போங்கள். தரம் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இது.

இன்னொன்றும் கேட்கலாம். மாதத்துக்கு எத்தனை ஸ்டென்ட் வைக்கிறீர்கள், நடுவில் ஏதாவது ஆனால் ஆபரேஷனுக்கு ஆள் இங்கேயே இருக்கிறாரா என்று. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர் நம்முடையது.

ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினையும் கூடக் கொடுக்கும் இன்னொரு ரத்தம் உறையாமை மாத்திரையையும் டாக்டர் சொல்லும்வரை, பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், ஒரு நாள் கூட விடக்கூடாது. இரண்டு வாரத்துக்குத்தான் கொடுத்து அனுப்பினார்கள், தீர்ந்ததும் விட்டுவிட்டேன் என்று வந்து, ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு படுத்தவர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் அன்றே அடுத்த மாத மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். கே.வி.குப்பம் வழியாகப் போக வர இருந்தால், சிஎம்சி 1977ல் கிராமத்துக்காகத் தொடங்கிய ருஹ்சா என்ற மருத்துவ மையமும் இருக்கிறது. மாதாமாதம் பிரஷர் பார்க்க வேலூர் வரை பஸ் ஏற வேண்டியதில்லை. பஸ் காசு, கூட வருபவரின் ஒரு நாள் கூலி, ஓட்டல் சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் நம் ஆட்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள். மாத்திரை விலையால் நிறுத்துகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி டெங்கு பில். உங்கள் கடிதத்தோடு வந்த பில் நகலைப் பார்த்தேன், நல்லவேளை வைத்திருந்தீர்கள். பாலிசியில் அறை வாடகை நாளுக்குக் காப்பீட்டுத் தொகையான 3 லட்சத்தில் 1 சதவீதம், அதாவது 3,000 வரை. நீங்கள் எடுத்த அறை 4,500. நாலு நாள், 18,000. டாக்டர், நர்சிங் கட்டணம் 9,000. மருந்தும் ரத்தப் பரிசோதனையும் 14,000. அனுமதித்ததைவிடப் பெரிய அறை எடுத்தால், அந்த விகிதத்திலேயே மற்ற சில செலவையும் குறைப்பார்கள். மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். உங்களுக்கு 41,000 முழுவதையும் அப்படிக் குறைத்திருக்கிறார்கள். அங்கேதான் தப்பு. மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றுக்கு இந்த விகித வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020லேயே சொல்லிவிட்டது. அறைக்கு 12,000, டாக்டர் நர்சிங்குக்கு 6,000, மருந்து பரிசோதனைக்கு முழு 14,000, ஆக 32,000 வர வேண்டும். கையுறை மாதிரி ஒன்றிரண்டு பொருளுக்கு நூறு இருநூறு கழிக்கலாம். மற்றபடி உங்களுக்கு 4,667 ரூபாய் பாக்கி.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு இந்தக் கணக்கை அப்படியே எழுதி மெயில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனுக்கு, அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரிக்கு, எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். 4,667க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்பார்கள். உங்கள் ஒன்பது நாள் சம்பளம் அது.

அடுத்த முறை மகனுக்கு ஏதாவது என்றால் அறை எடுக்கும் முன் வாடகையைக் கேளுங்கள். ஈஎஸ்ஐயில் மகனுக்கும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். பாலிசியைத் தொடர்வதா என்று கேட்டால், தொடருங்கள், அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்கு மாற வழி பாருங்கள். கம்பெனி மாற்ற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பாவது விண்ணப்பியுங்கள், காத்திருந்த மாதங்கள் வீணாகாது. 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பழைய பிரீமியத்தையே கேட்டால் ஏஜென்ட்டிடம் கணக்குக் கேளுங்கள்.

கடைசியாக ஸ்டென்ட் பெட்டி. அதில் கம்பெனிப் பெயர், பேட்ச் எண், விலை எல்லாம் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டென்ட்டுக்கு 2017லேயே விலை உச்சவரம்பு வந்துவிட்டது, பில்லில் அதைத் தனியாகக் காட்டவும் வேண்டும். அட்டையில் போனாலும் அந்த ஸ்டிக்கர் ஒட்டிய தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு எந்த ஊர் டாக்டர் பார்த்தாலும் முதலில் தேடுவது அதைத்தான். ஆஞ்சியோ சிடி, டிஸ்சார்ஜ் சம்மரி, இந்தத் தாள் மூன்றையும் ஒரே கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அப்பாவிடம் கொடுத்தால் கண்ணாடிக் கூட்டோடு எங்கேயாவது வைத்துவிடுவார்.